பெருக்கக் கூடாத இடம்

பூந்தமல்லியிலிருந்து மாங்காடு போகிற ரோட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். பொன்னியம்மாவைவிட அதிகமாகத் துடைப்பம் பிடித்த மனுஷி அந்தப் பக்கம் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட அதில் என்ன வாழ்கிறது? வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. நாலு மாடி, மாடிக்கு இருபத்திரண்டு அறை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்டு கிடக்கும் வராந்தா. பதினோரு வருஷமாகப் பெருக்குகிறாள். பெருக்கி முடித்துத் திரும்பினால், பெருக்கின இடத்திலேயே ஒரு பெண் நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள். மறுபடி பெருக்குவாள்.

அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாத பெருக்கல் வீட்டில் இருந்தது. வாசல், கூடம், சமையல்கட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்கட்டில் இருந்த கோழிக்கூண்டு. ஒரே பெண் காவ்யா கல்யாணமாகி ஆவடிக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் இரண்டு பேர்: பொன்னியம்மா, அவள் புருஷன் துலுக்கானம்.

துலுக்கானம் கெட்டவன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறான். சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான், கை நீட்டினதில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. ஆனால் வீட்டுப்படி ஏறினதும் அவன் கைக்கு லீவு. தண்ணீர் குடித்த சொம்பு, குடித்த இடத்திலேயே இருக்கும். கட்டின இருபத்தெட்டு வருஷத்தில் அவன் துடைப்பத்தைத் தொட்டது ஒரே தடவை, பல்லி அடிக்க.

அந்தக் கூண்டைக் கட்டினவனும் அவன்தான். பட்டறையில் மிச்சம் விழுந்த இரும்பு ஆங்கிளைக் கொண்டுவந்து, வெல்டிங் வைத்து, கம்பி வலை மாட்டி, தரைக்கு சிமென்ட் பூசி, மேலே தகரம் போட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிறுத்திவிட்டான். அக்கம்பக்கத்தில் வந்து பார்த்து மெச்சினார்கள். எட்டடி நீளம், ஆறடி அகலம், உயரம் மட்டும் நாலடி. ஆங்கிள் அவ்வளவுதான் இருந்ததாம். கோழி அதற்குள் ராஜா மாதிரி நிமிர்ந்து நடக்கும், பெருக்கப் போகிறவள் நிமிர முடியாது என்பது அந்தக் கைகாரனுக்குத் தோன்றவே இல்லை. பொன்னியம்மா அப்போது "நல்லா கீதுய்யா" என்றுதான் சொன்னாள்.

பதினாறு நாட்டுக்கோழி, ஒரு சேவல். ஐந்து வருஷம் தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அந்த நாலடிக்குள் நுழைந்து, குந்தினபடியே நகர்ந்து, காய்ந்து ஒட்டின எச்சத்தைப் பழைய தோசைத்திருப்பியால் சுரண்டி, பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி வெளியே வருவாள். முக்கால் மணி நேரம் பிடிக்கும். அப்புறம் சமையல், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் நாலு மாடி. போன சித்திரையில் வலது முட்டி பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. பார்த்த டாக்டர், குந்தக் கூடாது, படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார். நல்ல மனுஷர்தான். இதையெல்லாம் விட்டால் அவள் பிழைப்பில் மிச்சம் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வைகாசியில் மகளிர் குழுப் பெண்களைக் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். மதியச் சாப்பாடு உண்டு, ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் பொன்னியம்மா போனாள். அங்கே அகல்யா என்று ஒரு கால்நடை டாக்டர், சின்னப் பெண், ஆழ்கூளம் என்று ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"தரையில ஒரு சாண் உயரத்துக்கு நெல் உமி போட்டுடுங்க. கோழி அது மேலேயே எச்சம் போடும், அதுவே காலால கிளறும். நீங்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வெளியில நின்னே நீளமான கம்பால கிளறிவிட்டா போதும். உள்ள நுண்ணுயிர் வளந்து எச்சத்தையெல்லாம் மக்க வெச்சிடும். நாத்தம் வராது. வருஷத்துக்கு ஒரு தடவை அள்ளினா தோட்டத்துக்கு நல்ல எரு."

பொன்னியம்மா கையைத் தூக்கினாள். "பெருக்க வாணாமா?"

"கூடாதும்மா. பெருக்கினா எல்லாம் போயிடும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்."

மூன்றாவது தடவையும் கேட்டாள். கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தொன்பது வயசில் ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துப் பெருக்காதே என்று சொல்வது அதுதான் முதல் தடவை.

செங்குன்றம் ரைஸ் மில்லிலிருந்து உமி வந்தது. மூட்டைகள் இறங்கும்போது துலுக்கானம் போனைப் பார்த்துக்கொண்டே, "இன்னாத்துக்குமே இத்தினி உமி?" என்று கேட்டான். "கோழிக்கு" என்றாள். "உம்" என்றான். அவர்கள் வீட்டில் இதுவே நீளமான பேச்சுதான்.

அதற்கப்புறம் பொன்னியம்மாவின் விடியற்காலை மாறிப்போனது. பழக்கதோஷத்தில் நாலரைக்குக் கண் விழித்துவிடும். ஆனால் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஐந்தேகால் வரைக்கும் சும்மா படுத்திருப்பாள். தூங்குகிறாளா என்றால் அதுவும் இல்லை. முட்டியை நீட்டிப் போட்டுக்கொண்டு, மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் கிடப்பாள். அந்த முக்கால் மணி நேரம் விடுதிக்கும் சொந்தமில்லை, வீட்டுக்கும் சொந்தமில்லை. இருபத்தினாலு மணி நேரத்தில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை விட்டால் தன்னால் இந்த வேலையை ஓட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள்.

ஆழ்கூளம் என்றால் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குவதில்லை. அதற்கும் ஒரு கை வேண்டும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வலைக் கதவுக்கு வெளியே நின்று பல்லு வைத்த நீளக் கம்பால் கிளறுவாள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பாள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், இரண்டு கை புது உமி தூவவேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கார்த்திகை மழையில் நாலு நாள் விடாமல் ஊற்றி, சாரல் அடித்து ஒரு பக்கம் களி மாதிரி இறுகிவிட்டது. கண் எரிகிற நெடி. குடை பிடித்துக்கொண்டு, இறுகினதை மட்டும் வெட்டி எடுத்து, சுண்ணாம்புத் தூள் தூவி, உமி போட்டு, காலையும் மாலையும் கிளறி ஒரு வாரத்தில் மீட்டாள். தாய் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மார்கழிக் குளிரில் கை விட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. எச்ச நாற்றம் போய், மழை விட்ட மண்ணின் வாசனை வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பின்பக்கப் படியில் உட்கார்ந்து அந்தக் கூண்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. தன் வேலையைத் தனக்காக வேறு யாரோ செய்வதை உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு சுகம் என்று நினைத்தாள். துலுக்கானம் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்தான். அவளையும் பார்த்தான், கூண்டையும் பார்த்தான், உள்ளே போய்விட்டான்.

பொங்கல் லீவுக்கு விடுதிப் பெண்கள் ஊருக்குப் போனார்கள். விடுதிக்கு லீவு என்றால் ஹவுஸ்கீப்பிங்குக்கு லீவு என்று அர்த்தமில்லை. காலியான கட்டடத்தை அப்போதுதான் ஆசிட் போட்டுக் கழுவச் சொல்வார்கள். இரண்டு நாள் நாலு மாடியையும் தேய்த்துக் கழுவிவிட்டு, போகிக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு காலை இழுத்துதான் நடந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். "நாளைக்கி லீவு. ஆறு மணி வரைக்கும் என்னைய எழுப்பாத, புண்ணியமாப் போவும்" என்று துலுக்கானத்திடம் சொல்லிவிட்டுப் படுத்தவள்தான், செத்தவள் மாதிரி தூங்கினாள்.

புகை மூக்கில் ஏறித்தான் விழித்தாள். மணி ஐந்தரை. போகி என்றால் புகை இருக்கத்தான் செய்யும். பழைய பாய், கிழிந்த தலையணை, சொன்னாலும் கேட்காமல் ஒருத்தன் டயர். ஆனால் இது அந்தப் புகை இல்லை. உமி கருகுகிற புகை. கூடவே இன்னொன்றும் கலந்திருந்தது, அது என்னவென்று அவள் மூக்குக்குத் தெரிந்தது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பின்கட்டுக்குப் போகிற வழியில் பாத்ரூமுக்குள் ஏதோ சத்தம். கதவைத் திறந்தாள். பதினாறு கோழியும் சேவலும் பக்கெட் மேல், குழாய் மேல், துணி துவைக்கிற கல் மேல் என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்தன.

பின்கட்டில் துலுக்கானம் நின்றான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். தை மாசம் பிறக்கப்போகிற பனியில் அவன் முதுகில் வேர்வை ஓடியது. ஒரு கையில் துடைப்பம்.

"எழுந்துட்டியா? வா, வந்து பாரு" என்றான்.

பார்த்தாள். கூண்டுத் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஐந்து வருஷம் அவள் கழுவினபோதுகூட அப்படிப் பளபளத்ததில்லை. பினாயில் வாசனை தூக்கியது. ஒரு மூலையில்கூட ஒரு உமி இல்லை.

"பன்னெண்டு போல்ட்டு" என்றான் துலுக்கானம். "அத்தினியும் கயட்டி, ஒரு பக்க வலைய தனியா எடுத்து வச்சிட்டு மம்புட்டியால வெட்டி வெட்டி மூட்டையில அள்ளினேன். மூணு மணிக்கு ஆரம்பிச்சது. எட்டு மாசத்துக் கலீஜு, இன்னா கனம் கனக்குது தெரியுமா? அப்புறம் மோட்டார் போட்டு பைப்பால அடிச்சேன். இப்பதான் வலைய மாட்டி முடுக்கினேன்."

"எங்க போட்ட?"

"போகிதான? பக்கத்து மனைல கொட்டி கொளுத்திட்டேன்."

பொன்னியம்மா செருப்புகூடப் போடாமல் பக்கத்துக் காலி மனைக்குப் போனாள். ஒரு ஆள் உயரத்துக்குக் குவியல். உமி தீயாக எரியாது, உள்ளுக்குள்ளேயே கனிந்து புகையும். மேலே கருப்பு, விரிசலில் சிவப்பு. எட்டு மாசம் வாசம் தெரியாமல் இருந்தது இப்போது தெருவையே தூக்கியது. எதிர் ஃப்ளாட்டிலிருந்து அரவிந்தன் என்கிற ஐ.டி. பையன் மூக்கில் கர்ச்சீப்போடு இறங்கி வந்து, "ஆன்ட்டி, என்ன எரிக்கிறீங்க? குழந்தைக்கு மூச்சு முட்டுது" என்றான். அவன் வீட்டுக்குத்தான் வாரம் ஒரு டஜன் முட்டை போகிறது. கோழி வளர்க்கிறீர்களா, தெரியவே இல்லையே என்று ஆறு மாசத்துக்கு முன்னால் ஆச்சரியப்பட்டவனும் அவன்தான். "அணைஞ்சிடும் தம்பி" என்றாள். அது அணைய இரண்டு நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது துலுக்கானம் கதவோரம் இருந்த கடைசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தான்.

"அத்தப் போடாத."

"இன்னாமே?"

"கீழ வையி."

வைத்தான். பொன்னியம்மா மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. வெதுவெதுப்பு இன்னும் இருந்தது. அவள் படியில் உட்கார்ந்தாள்.

அவன் எதிரில் குந்தினான். பேசுவதற்குத் தயார் பண்ணி வைத்திருந்ததைப் பேசினான். "அன்னிக்கு ஒரு நாளு இதே படில குந்திகினு கூண்டையே பாத்துகினு கீந்த. எனக்கு மனசே கேக்கல. பாவம், இவளால முடியல, பெருக்காம வுட்டுட்டு ஒக்காந்து பாக்குறாளேன்னு நெனச்சேன். எட்டு மாசமா நீ அதுக்குள்ள நொழயல, அது எனக்கும் தெரியும். பட்டறைல சம்பத்தாண்ட சொன்னேன். அவந்தான், ஒரு நாளு நீ பெருக்கிக் குடேன், கை இன்னா ஒடிஞ்சிடுமான்னான். அதான், போகிக்கு பண்ணிடலாம்னு. உங்கிட்ட சொல்லாம பண்ணணும்னு."

கையை விரித்துக் காட்டினான். லேத்தில் காய்த்துப்போன கையிலும் இரண்டு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

பொன்னியம்மாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. இந்த மனுஷன் தன்னைக் கவனித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. தன்னால் முடியவில்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறான். அது சரி. மீதி அத்தனையும் தப்பு. அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகப் பெருக்குவதற்கென்று துடைப்பத்தை எடுத்து, பெருக்கக் கூடாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்துப் பெருக்கியிருக்கிறான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"நல்லா கீதுய்யா" என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்வது கஷ்டமே இல்லை. சொன்னால் அவன் மனசு குளிரும், நாளைப் பண்டிகை நல்லபடியாகப் போகும். பாவம், மூணு மணியிலிருந்து உழைத்திருக்கிறான்.

துலுக்கானம் எழுந்து கூண்டை ஒரு தடவை திருப்தியாகப் பார்த்தான். "இன்னிமே உனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. தெனம் காலைல ஒரு தடவ பெருக்கி, தண்ணி அடிச்சி வுட்டுகினா போதும். இப்பிடியே சுத்தமா கீம்."

பொன்னியம்மா வாயில் இருந்த சொல் உள்ளேயே நின்றுவிட்டது.

"நான் பெருக்க மாட்டேன்" என்றாள்.

"இன்னா?"

"பெருக்க மாட்டேன்யா. என்னால முடியாது." சத்தம் போடவில்லை. மளிகை லிஸ்ட் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "அது கலீஜு இல்ல. உமி. வைகாசில வந்திச்சே, அந்த உமி. பெருக்காம இருக்கறதுக்குத்தான் அத்தப் போட்டேன். அதுவா மக்கிக்கும், அதுவா சுத்தமாவும், டாக்டரம்மா சொன்னாங்க. எட்டு மாசமா நான் அதுக்குள்ள நொழயாம கீறேன்னா அதனாலதான். அந்த நேரத்துக்கு நான் சொம்மா படுத்துகினு கீந்தேன். முக்கா மணி நேரம். அவ்ளோதான் எனக்கு. அத்தத்தான் நீ கொளுத்திட்ட."

துலுக்கானம் "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றான்.

"சொன்னேனே. கோழிக்குன்னு."

"நான் தீனின்னு நெனச்சிகினேன்."

"நீ கேக்கல. நானும் சொல்லல."

சுவருக்கு அந்தப் பக்கம் புகை போய்க்கொண்டே இருந்தது. அவன் அதைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், பளபளக்கிற தரையைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமும் இந்தப் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் முட்டி இந்தக் கதிக்கு வந்தது என்றும் தோன்றியது. எழுந்துபோய் அவன் தோளைத் தட்டவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

"வேற உமி வாங்கியாரட்டா? இப்பவே போறேன்" என்றான்.

"மில்லு மூடிட்டு எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. காணும் பொங்கல் கழிச்சிதான் தொறப்பாங்க. வந்தாலும் ஒடனே ஆவாது. இந்த ஒரு மூட்டை மிச்சம் கீது, இத்த புது உமியோட கலந்து போட்டா சீக்கிரம் பிடிக்கும். அப்பவும் ரெண்டு மாசம் ஆவும்."

"அதுவரிக்கும்?"

"உமி வர வரிக்கும் தெனம் உள்ள பூந்து பெருக்கணும். கழுவணும். ஒரு நாளு வுட்டா நாத்தம் எடுக்கும், கோழிக்கு சீக்கு வரும். உமி போட்டப்புறமும் ரெண்டு மாசம் தெனம் கிளறணும்."

"யாரு?"

பொன்னியம்மா அவனையே பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொள்வது எப்போதும் அவள்தான். அன்றைக்குத் திருப்பவில்லை.

"சரி" என்றான் துலுக்கானம். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வா என்றால் எப்படிச் சொல்வானோ அப்படித்தான் சொன்னான். அதை எவ்வளவு தூரம் நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்துபோய் பாத்ரூமைத் திறந்து கோழிகளை விட்டாள். பாத்ரூமையும் யாராவது கழுவத்தான் வேண்டும். அதை அவள் கழுவினாள்.

மறுநாள் பொங்கல். நாலரைக்கு யாரும் எழுப்பாமலே கண் விழித்தது. இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. பக்கத்தில் துலுக்கானம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் மண்வெட்டி பிடித்த அசதி, கட்டை மாதிரி கிடந்தான்.

பொன்னியம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவனாக எழுந்திருப்பான் என்று ஒரு நப்பாசை. குறட்டை நிற்கவில்லை. வாசலில் கோலம் போடணும், கரும்பு கட்டணும், பொங்கல் வைக்கணும், மத்தியானம் காவ்யாவும் மாப்பிள்ளையும் வருவார்கள். கூண்டுக்குள் நேற்று ராத்திரி எச்சம் வெறும் சிமென்ட் மேல் விழுந்து காய்ந்துகொண்டிருக்கும். இவனை எழுப்பி, இவன் புரண்டு, இன்னும் அஞ்சு நிமிஷம் என்று சொல்லி, எழுந்து, துடைப்பம் எங்கே தோசைத்திருப்பி எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் பெருக்கிக் கழுவிவிட்டு வந்துவிடுவாள். எழுப்புவதைவிடப் பெருக்குவது சுலபம். எல்லா வீட்டிலும் பொம்பளைகள் நாலரைக்கு எழுந்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. காலை மடக்கி எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டிக்குள் நறுக்கென்று ஏதோ இடம் மாறியது. வலி தொடை வரைக்கும் ஏறியது. அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் காலை மறுபடி நீட்டிப் போட்டாள்.

"யோவ்."

குறட்டை.

"யோவ். எழுந்திரு."

"இன்னும் கொஞ்ச நேரம்மே. பண்டிகை நாளும் அதுவுமா..."

"எழுந்திருய்யா. கூண்டு."

மூன்றாவது தடவை கையை நீட்டி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். துலுக்கானம் எழுந்து உட்கார்ந்தான். தலையைச் சொறிந்தான். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லையே என்கிற மாதிரி அவள் பார்ப்பதைப் பார்த்தான். லுங்கியை இறுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

அவள் படுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக ஒவ்வொரு சத்தமும் கேட்டது. வலைக் கதவு திறக்கிற சத்தம். தகரத்தில் தலை இடிக்கிற சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு கெட்ட வார்த்தை. சேவல் பயந்துபோய் கத்தியது. துடைப்பத்தை எதிர்ப்பக்கமாக இழுக்கிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அப்படிப் பெருக்கினால் எல்லாம் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும், வராது. அவள் கால் போர்வைக்குள் தானாகத் துடித்தது. எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று உடம்பு கெஞ்சியது. போகவில்லை.

"பொன்னி" என்று குரல் வந்தது. "அந்தக் கோடில கீறது எட்ட மாட்டேங்குது."

"முட்டி போடு."

"இன்னாது?"

"குந்தினா எட்டாது. முட்டி போட்டு, ஒரு கையத் தரைல ஊனிக்கோ. அப்பதான் எட்டும்."

சிமென்டில் உடம்பு ஊர்கிற சத்தம், ஐயோ அம்மா என்று ஒரு முனகல், தோசைத்திருப்பி தரையைச் சுரண்டுகிற சத்தம். சுரண்டினான், நிறுத்தினான், மூச்சு வாங்கினான், மறுபடி சுரண்டினான். பொன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேயோ தூரத்தில் யாரோ மத்தளம் தட்டினார்கள். சுரண்டுகிற சத்தம் இருக்கிற இடத்திலிருந்தே மெல்ல மெல்லத் தள்ளிப்போனது.

கடைசி மூலையை முடித்தபோது துலுக்கானம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே வரக் கால் ஒத்துழைக்கவில்லை. தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் தகரம். ஒரு கோழி கழுத்தைச் சாய்த்து அவனைப் பார்த்தது. நாலு பக்கமும் பார்த்தான். தான் கட்டினதுதான்.

"பொன்னி" என்றான், அங்கிருந்தபடியே. "அஞ்சு வருசம். இத்த எப்பிடிமே நீ தெனம் பண்ண?"

பதில் வரவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பொன்னியம்மா காலை நீட்டி, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.